அலுமினியம், எஸ்.எஸ்., செம்பு: பிளாஸ்மா கட்டிங்குக்கு எந்தக் கேஸ்?

மின் ஆர்க்கால் சூடான கேஸைச் சிறு துளை (நாசில்) வழியாகப் பாய்ச்சி உலோகத்தை உருக்கி வெட்டுவதுதான் பிளாஸ்மா கட்டிங். இரும்புத் தகடு மட்டும் வெட்டும் பட்டறையில் கேஸ் பற்றிய பேச்சு பெரிதாக எழாது. கம்ப்ரஸர் காற்று போதும், கணினி டார்ச்சை நகர்த்தும் பெரிய சி.என்.சி. மேசை என்றால் ஆக்ஸிஜன். அதே மேசையில் 10 மி.மீ. அலுமினியமோ எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 வகையோ ஏறும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. வெட்டு விழுந்துவிடும், ஆனால் விளிம்பு சொரசொரவென்று கறுத்துப் போயிருக்கும். வெல்டிங் செய்தால் துளை துளையாக வரும். உடனே யாராவது ஒருவர் "ஆர்கான்-ஹைட்ரஜன் போடுங்க, பளபளன்னு வரும்" என்பார். அது பாதி உண்மை. 25 மி.மீ. தகட்டுக்கு அவர் சொல்வது சரி. 3 மி.மீ. தகட்டில் அதையே போட்டால் அடியில் கசடு (உருகி உறைந்த உலோகக் கழிவு) தொங்கும், சிலிண்டருக்குக் கொடுத்த காசும் வீண்.

கேஸைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் முதலில் உலோகத்தின் பெயரைக் கேட்கிறார்கள். வெட்டிய விளிம்பு அடுத்து எங்கே போகிறது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. உலோகமும் தடிமனும் அதற்கு அடுத்துத்தான். கீழே வரும் படிகளும் அந்த வரிசையில்தான் போகின்றன.

ஒரு சின்ன விளக்கம். இங்கே பேச்சு இரும்பு அல்லாத உலோகங்களைப் பற்றியது. எஸ்.எஸ். உலோகவியல் கணக்குப்படி இரும்பு வகையைச் சேர்ந்தது. ஆனால் பிளாஸ்மா மெஷின்களின் கட்டிங் சார்ட்டை, அதாவது எந்தத் தகட்டுக்கு எந்தக் கேஸ், எந்த வேகம் என்று சொல்லும் பட்டியலைப் புரட்டினால் அது அலுமினியத்தின் பக்கத்தில்தான் நிற்கும், இரண்டுக்கும் கேஸ் விஷயத்தில் ஒரே மாதிரித் தொல்லை என்பதால். அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆக்ஸிஜன் ஏன் இங்கே உதவாது

இரும்பு ஆக்ஸிஜனில் எரியும், எரியும்போது கூடுதல் வெப்பம் கொடுக்கும், உண்டாகும் ஆக்சைடும் எளிதாக உருகி வழிந்துவிடும். அதனால்தான் இரும்புக்கு ஆக்ஸிஜன் அவ்வளவு பொருத்தம். அலுமினியத்தில் கதை தலைகீழ். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதன் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். எஸ்.எஸ்.ஸில் உள்ள குரோமியத்தின் ஆக்சைடும் அப்படித்தான், 2,400 டிகிரியைத் தாண்டும். உருகாத இந்த ஆக்சைடுகள் விளிம்பில் ஒட்டிக்கொள்கின்றன. கேஸ் கட்டிங் டார்ச்சால் இந்த உலோகங்களை வெட்ட முடியாமல் போனதற்கும் இதுதான் காரணம்.

பிளாஸ்மா கட்டிங் பிறந்ததே இந்த இடைவெளியை அடைக்கத்தான். அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் லிண்டே பிரிவில் வேலை பார்த்த ராபர்ட் கேஜ், மின் ஆர்க்கைக் குறுகிய நாசில் வழியாகச் செலுத்தும் முறைக்கு 1957-இல் காப்புரிமை பெற்றார். அப்போது முதன்மையாக வெட்டியது அலுமினியமும் எஸ்.எஸ்.ஸும், கேஸ், ஆர்கானும் ஹைட்ரஜனும் கலந்தது. காற்றை வைத்து இரும்பு வெட்டும் பழக்கம் அதற்குப் பிறகு வந்தது. இன்று சிறப்பு கேஸ் என்று நாம் சொல்வதில் தொடங்கிய தொழில்நுட்பம் இது.

படி 1: விளிம்பு அடுத்து எங்கே போகிறது?

வேலை ஆர்டரைக் கையில் எடுத்ததும் இதை எழுதிக்கொள்ளுங்கள். வெட்டிய துண்டு மெஷினிங்குக்குப் போகிறதா? அப்படியானால் விளிம்பின் மேல் 2, 3 மி.மீ. எப்படியும் சீவப்படும், காற்றிலேயே வெட்டி, சீவுவதற்கான கூடுதல் அளவை (அலவன்ஸ்) மட்டும் விட்டால் போதும். பழைய டேங்கை உடைத்து ஸ்கிராப்புக்கு அனுப்புகிறீர்களா? கேஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், காற்றுதான்.

நேரடியாக வெல்டிங்குக்குப் போகிறது என்றால் நிலைமை வேறு. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்ஸிஜன். வெட்டும்போது ஒரு மெல்லிய அடுக்கு உருகி மறுபடி உறைகிறது. அந்த அடுக்கில் இரண்டுமே கொஞ்சம் தங்கிவிடுகின்றன. அதன் மேலேயே டிக் வெல்டிங் செய்தால், தங்கிய வாயு குமிழியாக வெளியே வரப் பார்க்கும், நடுவழியில் உலோகம் உறைந்து துளையாக நின்றுவிடும். எக்ஸ்ரே சோதனை உள்ள வேலையில் இது திரும்பி வரும்.

வெட்டு விளிம்பே கண்ணில் படும் வேலைகளும் உண்டு: கைப்பிடி, பெயர்ப்பலகை, உணவுத் தொழிற்சாலைச் சாமான்கள். இங்கே நிறமும் வழவழப்பும் கூலிக்குள் அடங்கியவை.

இந்த வகைகளில் எது என்று தெரிந்தாலே பாதி முடிவு வந்துவிடும். கிரைண்டிங் எப்படியும் உண்டு என்றால் விலை உயர்ந்த கேஸ் வாங்குவதில் அர்த்தமில்லை. கிரைண்டிங்கை முழுதாகத் தவிர்க்கலாம் என்றால் கேஸ் செலவு கூலியில் திரும்பிவிடும்.

படி 2: மெஷின் எதை ஏற்கும்?

சந்தையில் உள்ள, டார்ச்சைக் கையில் பிடித்து வெட்டும் மெஷின்களில் பெரும்பாலானவற்றில் ஒரே கேஸ் லைன்தான். அதே கேஸ் நாசில் வழியாகப் பிளாஸ்மாவாகவும், வெளிப்புறமாக, ஆர்க்கைச் சுற்றிக் காக்கும் ஷீல்டாகவும் போகும். இவற்றில் சில காற்றுக்கு மட்டும், பல காற்றுக்கும் நைட்ரஜனுக்கும், ஒரு சில மட்டும் ஹைட்ரஜன் கலவைகளுக்கும் சேர்த்து வடிவமைக்கப்பட்டவை. மேனுவலில் கேஸ் பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாத கேஸை இணைக்காதீர்கள். ஆக்ஸிஜனுக்காக வடிவமைக்காத டார்ச்சில் ஆக்ஸிஜன் விட்டால் டார்ச்சே தீப்பிடிக்கலாம். ஹைட்ரஜன் கலவைக்கு ஆர்க் வோல்டேஜ் அதிகம் தேவை. பவர் சோர்ஸுக்கு அந்தத் திராணி இல்லாவிட்டால் ஆர்க் பாதியில் அணைந்துகொண்டே இருக்கும்.

இரட்டை கேஸ் மெஷினில் பிளாஸ்மாவுக்கு ஒன்று, ஷீல்டுக்கு இன்னொன்று. சி.என்.சி. மேசைகளோடு வரும் பெரிய மெஷின்களில் ஷீல்டுக்குத் தண்ணீரும் விடலாம். கேஸ் கன்சோல் ஆர்கானையும் ஹைட்ரஜனையும் தானே கலந்துகொள்ளும்.

அடுத்து எலக்ட்ரோடு. காற்றுக்கும் ஆக்ஸிஜனுக்கும் செம்புக்குள் ஹாஃப்னியம் பதித்த எலக்ட்ரோடு. ஆர்கான்-ஹைட்ரஜனுக்கு, பெரிய மெஷின்களில், டங்ஸ்டன். டங்ஸ்டன் எலக்ட்ரோடு இருக்கும்போது லைனில் காற்று புகுந்தால் அது நிமிடங்களில் கரைந்துபோகும். எனவே கேஸை மாற்றுவது என்பது சிலிண்டரை மாற்றுவதோடு முடிவதில்லை. எலக்ட்ரோடு, நாசில், கேஸைச் சுழலவிடும் ஸ்வர்ல் ரிங், ஷீல்டு எல்லாம் அந்தக் கேஸுக்கான செட்டாக மாற வேண்டும். சிறிய மெஷின்களில் ஒரே செட் எல்லாக் கேஸுக்கும் பொருந்தலாம். அதையும் மேனுவல்தான் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல.

படி 3: ஒவ்வொரு கேஸும் ஆர்க்கில் என்ன செய்கிறது

ஆர்கான் எளிதில் அயனியாகும். ஆர்க்கைப் பிடித்து நிற்கவைக்கும். அணு கனமானது, உருகிய உலோகத்தைத் தள்ளி வெளியேற்றும் வேகம் தரும். ஆனால் தனியாக விட்டால் வெப்பத்தைத் தகட்டுக்குக் கடத்துவதில் மந்தம். வெறும் ஆர்கானால் நன்றாக வெட்ட முடியாது.

ஹைட்ரஜன் அதற்கு நேர் எதிர். எடை இல்லை, ஆனால் வெப்பம் கடத்துவதில் கெட்டி. ஆர்க்கின் உள்ளே அதன் மூலக்கூறு இரண்டாகப் பிரியும், குளிர்ந்த உலோகத்தின் மேல் வந்து மறுபடி சேரும். பிரிய வாங்கிய ஆற்றலை அப்போது தகட்டின் மேலேயே கொட்டிவிடும். அத்தோடு ஆக்சைடு உண்டாகாமலும் தடுக்கும். 65 சதவீத ஆர்கானும் 35 சதவீத ஹைட்ரஜனும் கலந்ததைத் தொழிலில் எச்35 என்பார்கள். தடித்த தகட்டில் அதன் ஆழமும் நேரான விளிம்பும் வேறு எதிலும் கிடைக்காது. மெல்லிய தகட்டில் அதே வெப்பம் அதிகப்படியாகி வெட்டு இடைவெளியை அகலமாக்கும், அடியில் கசடு விடும்.

நைட்ரஜன் நடுவழி. இரண்டு அணு மூலக்கூறு என்பதால் ஹைட்ரஜன் போலவே பிரிந்து சேரும் வெப்பம் கொடுக்கும், ஆர்கானைவிட மலிவு. இதோடு 5 சதவீதம் ஹைட்ரஜன் சேர்த்தால் எஃப்5. மெல்லிய எஸ்.எஸ்.ஸுக்கு அது நல்ல கலவை.

தண்ணீரை ஷீல்டாக விடும் முறையை நம் பக்கத்துப் பட்டறைகளில் பலர் முயன்றே பார்ப்பதில்லை. நைட்ரஜன் பிளாஸ்மாவைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் போகும். ஆர்க்கின் சூட்டில் அதில் ஒரு பகுதி ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாகப் பிரியும். அந்த ஹைட்ரஜன் விளிம்பைக் காக்க, மீதித் தண்ணீர் குளிர்விக்கிறது. சிலிண்டரில் ஹைட்ரஜன் வாங்காமலே அதன் பலனில் ஒரு பங்கு கைக்கு வருகிறது.

கார்பன் டை ஆக்சைடை ஷீல்டாக விடும் பழக்கமும் பழைய இரட்டை கேஸ் மெஷின்களில் உண்டு. நைட்ரஜனோடு சேர்ந்து ஓரளவு நல்ல விளிம்பு தரும். ஆனால் அதிக ஓட்டத்தில் ரெகுலேட்டர் உறைந்துபோகும், ஹீட்டர் வைக்க வேண்டிவரும். புதிதாகத் தொடங்குகிறவர் இந்த வழிக்குப் போக வேண்டியதில்லை.

படி 4: உலோகத்தையும் தடிமனையும் பொருத்துதல்

*அலுமினியம்*

6 மி.மீ. வரை, கிரைண்டிங் ஏற்கலாம் என்றால், நன்கு உலர்ந்த காற்று. விளிம்பு மணல் தேய்த்தது போலச் சொரசொரப்பாக இருக்கும், ஆனால் வேகம் நன்றாக வரும். வெல்டிங்குக்குப் போகிறது என்றால் நைட்ரஜனுக்கு மாறுங்கள். இரட்டை கேஸ் மெஷினில் நைட்ரஜன் பிளாஸ்மாவும் தண்ணீர் ஷீல்டும் சுமார் 12 மி.மீ. வரை எனக்குப் பிடித்த ஜோடி. வெள்ளி நிறத்தில், கையால் தடவினால் இடறாத விளிம்பு. அதற்கு மேல் எச்35 பிளாஸ்மா, நைட்ரஜன் ஷீல்டு. 12 என்பது கல்லில் எழுதிய எல்லை அல்ல. மெஷினின் ஆம்ப்பை (மின்னோட்ட அளவை)ப் பொறுத்து முன்பின் நகரும்.

எந்தக் கேஸில் வெட்டினாலும் அலுமினிய விளிம்பை அப்படியே வெல்டிங் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உருகிய அலுமினியம் ஹைட்ரஜனைத் தாராளமாகக் கரைத்துக்கொள்ளும், உறையும்போது துளையாகக் கக்கும். எச்35-இல் பளபளவென்று வந்த விளிம்பையும் ஒரு முறை ஃபைல் போட்டோ கார்பைடு கட்டரால் சீவியோ விடுவது நல்லது. 6061, 7075 போன்ற வெப்பப்பதனிடும் அலாய்களில் விளிம்புக்குச் சற்று உள்ளே மயிரிழை விரிசல்களும் வரும். சுமை தாங்கும் பாகம் என்றால் அந்த அடுக்கு போகும்வரை மெஷினிங் வேண்டும். இதைச் சரிசெய்யும் கேஸ் எதுவும் இல்லை.

அலுமினியத்தில் கேஸைவிட ஆபத்தானது, புகையையும் தூளையும் பிடிக்க மேசைக்கு அடியில் தொட்டியில் தேக்கும் தண்ணீர். வெட்டும்போது விழும் நுண்ணிய அலுமினியத் துகள்கள் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். அது மேலே வந்து, போட்டிருக்கும் தகட்டின் அடியில் தேங்கும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் இருந்தாலும் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும். தேங்கிய இடத்தில் பிளாஸ்மா ஆர்க் தொட்டால் தகடு தூக்கி எறியப்படும். எனவே தண்ணீர் மேசையின் அடியில் துளையிட்ட குழாய் போட்டுக் காற்று குமிழவிட வேண்டும். அடியில் சேரும் சேற்றை அடிக்கடி வாரிவிட வேண்டும். இரவு முழுக்கத் தகட்டை மேசை மேல் விட்டுப்போகக் கூடாது. காலையில் முதல் வெட்டுக்கு முன் அடியில் காற்று ஓடவிட்டு ஹைட்ரஜனைக் கலைத்துவிட வேண்டும். எச்35 போன்ற ஹைட்ரஜன் கலவையைத் தண்ணீருக்கு அடியில் பயன்படுத்தவே கூடாது. அலுமினியம்-லித்தியம் அலாய் தண்ணீர் மேசைப் பக்கமே வரக் கூடாது. உலர் மேசை வைத்திருப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. டஸ்ட் கலெக்டரில் சேரும் அலுமினியத் தூள் வெடிக்கக்கூடியது, அதை இரும்புத் தூளோடு கலந்து வைக்காதீர்கள்.

*எஸ்.எஸ்.*

காற்றில் வெட்டிய எஸ்.எஸ். விளிம்பு கருமை கலந்த சாம்பல் நிறத்தில் வரும். அது வெறும் அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. அந்தக் கறுப்பு அடுக்கு குரோமியம் ஆக்சைடு நிறைந்தது. அதற்கு அடியில் உள்ள உலோகத்தில் குரோமியம் குறைந்திருக்கும். கடலோரத்தில் வைத்த 316 வகை எஸ்.எஸ். கைப்பிடியில் வெட்டு விளிம்பு மட்டும் துரு பிடிப்பது இதனால்தான். காற்றில் வெட்டினால் கிரைண்டிங்கும் பிக்ளிங்கும் (அமிலத்தால் அந்த அடுக்கை நீக்குவது) கட்டாயம் என்று விலைப்புள்ளியிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஒரே கேஸ் மெஷினில் நைட்ரஜனுக்கு மாறினால் கறுப்பு பெருமளவு குறையும். கூடவே ஹாஃப்னியம் எலக்ட்ரோடின் ஆயுளும் கூடும், அதைத் தின்னும் ஆக்ஸிஜன் இல்லை என்பதால். 10 மி.மீ.க்கு உட்பட்ட தகட்டில் எஃப்5 பிளாஸ்மாவும் நைட்ரஜன் ஷீல்டும் வைத்தால் பளிச்சென்ற விளிம்பு, கசடு மிகக் குறைவு. 12 மி.மீ.க்கு மேல் எச்35-உம் நைட்ரஜன் ஷீல்டும். எச்35-இல் விளிம்பு லேசான பொன்னிறமாக வந்தால் பயப்பட வேண்டாம், அது மேலோட்டமான நிறம்தான். நைட்ரஜனும் தண்ணீர் ஷீல்டும் இங்கேயும் மெல்லிய தகட்டுக்கு நன்றாக வேலை செய்யும். மாதம் முழுக்க எஸ்.எஸ். வெட்டும் கடைக்கு இதுதான் கணக்குக்கு ஒத்துவரும்.

எஸ்.எஸ். புகையில் ஆறு-இணைதிற குரோமியம் வரும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். துணி முகமூடி எந்த வேலைக்கும் ஆகாது. புகை உறிஞ்சும் ஏற்பாடோ தண்ணீர் மேசையோ வேண்டும்.

*செம்பும் பித்தளையும்*

செம்பு வெப்பத்தை எஸ்.எஸ்.ஸைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகக் கடத்தும். ஆர்க் கொடுக்கும் சூடு வெட்டு இடத்தில் நிற்காமல் தகடு முழுக்க ஓடிவிடும். அதே மெஷின், அதே ஆம்ப். வெட்டக்கூடிய தடிமன் கணிசமாகக் குறையும், வேகமும் குறையும். மெல்லிய பஸ்பாருக்கு (மின்சாரம் கடத்தும் பட்டை) காற்றோ நைட்ரஜனோ போதும், தடித்ததற்கு எச்35 இல்லாமல் ஆகாது. டார்ச் நகரும் முன் ஆர்க் தகட்டைத் துளைக்க விடும் நேரத்தைக் கூட்டுங்கள், முடிந்தால் விளிம்பிலிருந்தே வெட்டைத் தொடங்குங்கள். மேனுவலில் செம்புக்குச் சார்ட் இல்லாவிட்டால் அதே தடிமன் எஸ்.எஸ். சார்ட்டை எடுத்து, வேகத்தைக் குறைத்துத் துண்டுத் தகட்டில் பழகிப் பாருங்கள்.

பித்தளை இதைவிட இணக்கமானது. ஆனால் அதில் உள்ள துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் மாலையில் குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டர்களுக்குப் பழக்கமான காய்ச்சல்தான், பழக்கம் என்பதால் பாதுகாப்பானது ஆகிவிடாது. பெரிலியம் கலந்த செம்பு என்று தெரிந்தால் வெட்டும் வேலையையே ஏற்காதீர்கள்.

*டைட்டானியம்*

சூடான டைட்டானியம் ஆக்ஸிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் மூன்றையும் உறிஞ்சி விளிம்பில் நொறுங்கும் அடுக்கை உண்டாக்கும். எப்படி வெட்டினாலும் அந்த அடுக்கைச் சீவித்தான் ஆக வேண்டும். அதனால் விலை உயர்ந்த கேஸ் தேடாமல், மெஷின் ஏற்பதில் மலிவானதை எடுத்து, அலவன்ஸைத் தாராளமாக விடுவதே புத்திசாலித்தனம். அதன் தூள் எளிதில் தீப்பிடிக்கும், சாதாரணத் தீயணைப்பான் அதற்கு உதவாது. உலோகத் தீக்கான டி வகைத் தூள் அருகில் இருக்கட்டும்.

படி 5: கேஸை டார்ச் வரை கொண்டுவருதல்

நல்ல கேஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு இந்தப் படியில் கோட்டை விடுபவர்களே அதிகம்.

முதலில் காற்று. 30 டிகிரி வெயில், 75 சதவீத ஈரப்பதம். சென்னை, நாகப்பட்டினம் பக்கம் வெகு சாதாரணம். அந்தக் காற்றின் ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 23 கிராம் தண்ணீர் இருக்கும். நிமிடத்துக்கு 190 லிட்டர் இழுக்கும் டார்ச் ஒரு மணி நேரம் ஓடினால் கம்ப்ரஸருக்குள் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் போகிறது. டேங்கில் கொஞ்சம் வடியும், மீதி டார்ச்சுக்கு வந்து நாசிலைத் தின்னும், அலுமினிய விளிம்பில் ஹைட்ரஜனாகத் தங்கும். பல தயாரிப்பாளர்கள் கேட்பது ஐ.எஸ்.ஓ. 8573-1 தரத்தில் 1.2.2 வகுப்புக் காற்று (தூசு, ஈரம், எண்ணெய் என்ற வரிசை). அதில் ஈரத்துக்கான 2 என்பது மைனஸ் 40 டிகிரி பனிநிலை, அதாவது காற்றில் உள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை. காற்றைக் குளிரவைத்து ஈரம் நீக்கும் ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் கொடுப்பது சுமார் பிளஸ் 3 டிகிரிதான். அலுமினியத்துக்கும் எஸ்.எஸ்.ஸுக்கும் அதன் பின்னால், ஈரத்தை உறிஞ்சும் பொருள் நிரப்பிய டெசிகன்ட் டிரையரும் எண்ணெய் ஃபில்டரும் சேருங்கள். சோதிக்க எளிய வழி: ஆர்க் இல்லாமல் காற்றை மட்டும் ஓடவிட்டு, டார்ச் முன் வெள்ளைத் துணியைச் சற்று நேரம் பிடியுங்கள். ஈரமோ எண்ணெய்க் கறையோ தெரிந்தால் வெட்டத் தொடங்காதீர்கள்.

அடுத்து சிலிண்டர் கணக்கு. வழக்கமான 47 லிட்டர் சிலிண்டரை 150 பாரில் நிரப்பினால் சுமார் 7 கன மீட்டர் கேஸ். நிமிடத்துக்கு 190 லிட்டர் என்றால் 37 நிமிடம். ஆர்க்குக்கு முன்னும் பின்னும் ஓடும் கேஸையும், தீரும் தருவாயில் விடும் மீதியையும் கழித்தால் அரை மணி நேரம். 30 நிமிட ஆர்க்கில், வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 1 மீட்டர் என்றால் 30 மீட்டர் வெட்டு, 2.5 என்றால் 75 மீட்டர். உங்கள் ஊர் சிலிண்டர் விலையை இந்த மீட்டரால் வகுத்தால் ஒரு மீட்டருக்கான கேஸ் செலவு வரும். அதே ஒரு மீட்டரைக் கிரைண்டர் போட்டு, டிஸ்க் தேய்த்து, பிக்ளிங் பேஸ்ட் பூசிக் கழுவ ஆகும் கூலியைப் பக்கத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் எஸ்.எஸ்.ஸில் நைட்ரஜன் ஜெயிக்கும். 3 மி.மீ. அலுமினியம் பிராக்கெட்டில் பல நேரம் காற்றே ஜெயிக்கும்.

இரட்டை கேஸ் மெஷினில் நைட்ரஜனைப் பிளாஸ்மாவுக்கு மட்டும் விட்டு, ஷீல்டுக்குக் கம்ப்ரஸர் காற்றோ தண்ணீரோ வைத்தால் சிலிண்டர் இன்னும் நீளும். தினமும் மணிக்கணக்காக வெட்டுபவர்கள் திரவ நைட்ரஜன் டூவருக்கு (வெப்பம் புகாத தொட்டி) போகலாம். 1 லிட்டர் திரவம் ஏறக்குறைய 690 லிட்டர் வாயுவாகும். 180 லிட்டர் டூவர் கணக்குப்படி 17 சிலிண்டருக்கும் சற்று மேல், ஆனால் பயன்படுத்தாமல் வைத்தாலும் ஆவியாகிப் போய்க்கொண்டேயிருக்கும். மணிக்கு 11 கன மீட்டருக்கு மேல் எடுக்கத் தாங்குமா, திரவத்தை வாயுவாக்கும் தனி வேப்பரைசர் வேண்டுமா என்று சப்ளையரிடம் முன்பே கேளுங்கள். நைட்ரஜன் ஜெனரேட்டர் வாங்குகிறவர்கள் தூய்மையைப் பாருங்கள். மீதி இருக்கும் ஆக்ஸிஜன் நேராக எஸ்.எஸ். விளிம்பில் கறையாகத் தெரியும். சிலிண்டர் நைட்ரஜன் 99.99 சதவீதமாக இருக்கட்டும்.

ரெகுலேட்டரில் ஏமாந்துவிட இடம் உண்டு. டிக் வெல்டிங்குக்கு வைத்திருக்கும், கண்ணாடிக் குழாயில் பந்து மிதக்கும் ஆர்கான் ரெகுலேட்டரைப் பிளாஸ்மாவுக்கு மாட்டாதீர்கள். அது நிமிடத்துக்கு 20, 25 லிட்டருக்கானது. இங்கே தேவை பிரஷர் காட்டும், அதிக ஓட்டம் தரும் ரெகுலேட்டர். ஹோஸின் உள்விட்டம் 10 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அழுத்தத்தை ஓட்டம் இருக்கும்போது பார்த்து அமைக்க வேண்டும். நிற்கும்போது சரியாகத் தெரியும் மீட்டர், ஆர்க் அடித்ததும் விழுந்துவிடும்.

இந்தியாவில் சிலிண்டர் நிறம்: ஆர்கானுக்கு நீலம், நைட்ரஜனுக்குச் சாம்பல் உடலும் கறுப்புக் கழுத்தும், ஹைட்ரஜனுக்குச் சிவப்பு. ஐரோப்பிய முறையில் ஆர்கான் தோள்பட்டை கரும்பச்சை. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துத் திரும்பியவர் பழைய நினைவில் கை வைக்கக் கூடாது. லேபிளைப் படித்த பிறகுதான் இணைக்க வேண்டும். ஹைட்ரஜன் இணைப்புகளில் மரை இடப்பக்கமாகத் திரும்பும். அடாப்டர் போட்டு அதை ஏமாற்றாதீர்கள்.

காற்றிலிருந்து எச்35-க்கு மாறும்போது லைனில் மிச்சமிருக்கும் காற்றும் ஹைட்ரஜனும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. நடுவில் நைட்ரஜனால் கழுவிவிட்டு மாறுங்கள், திரும்பும்போதும் அப்படியே. சோப்புத் தண்ணீரால் ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு பாருங்கள். எஃப்5 காற்றில் எரியாது, எச்35 எரியும். சேமிக்கும் இடமும் அதற்கேற்ப வேண்டும். நைட்ரஜனும் ஆர்கானும் நெருப்பில்லாத ஆபத்து. மூடிய அறையில் ஆக்ஸிஜனை இடம்பெயர்த்துவிடும், மூக்குக்கு எதுவும் தெரியாது. ஆர்கான் காற்றைவிடக் கனம், குழியில் போய் உட்காரும். டேங்குக்குள் இறங்கி வெட்டும் வேலை என்றால் ஆக்ஸிஜன் மீட்டர் இல்லாமல் ஆளை இறக்காதீர்கள், 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் வெளியே வந்துவிட வேண்டும்.

படி 6: சோதனைத் துண்டைப் படித்தல்

சார்ட்டில் உள்ள ஆம்ப், உயரம், வேகத்தை அப்படியே வைத்து, அதே தகட்டின் ஓரத்தில் ஒரு நேர்கோடும் ஒரு மூலையும் வெட்டுங்கள். பிறகு வேகத்தை மட்டும் 10 சதவீதம் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று. கேஸையும் வேகத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது.

அடியில் தடித்த, உருண்டை உருண்டையான, தட்டினால் உதிரும் கசடு என்றால் வேகம் போதவில்லை. மெல்லிய கோடாகக் கெட்டியாக ஒட்டியிருந்தால் வேகம் அதிகம். வேகத்தை எப்படி மாற்றினாலும் கசடு போகவில்லை, இடைவெளியும் அகலமாக இருக்கிறது, தகடு மெல்லியது என்றால் ஹைட்ரஜன் அதிகம். எச்35-ஐ விட்டு எஃப்5-க்கோ நைட்ரஜனுக்கோ இறங்குங்கள். தடித்த தகட்டில் வெட்டு அடிவரை எட்டாமல் இழுத்துக்கொண்டே வந்தால் நைட்ரஜனால் இனி ஆகாது, எச்35-க்கு ஏறுங்கள். நைட்ரஜனில் வெட்டியும் எஸ்.எஸ். விளிம்பு கறுக்கிறது என்றால் கேஸைக் குறை சொல்வதற்கு முன் ஹோஸ் இணைப்பையும், ஷீல்டு லைனில் காற்று கலக்கிறதா என்பதையும், டார்ச் உயரத்தையும் பாருங்கள். உயரம் கூடினால் சுற்றியுள்ள காற்று உள்ளே இழுபடும்.

வெல்டிங் வேலை என்றால் சோதனைத் துண்டு அங்கேயே முடியாது. இரண்டு துண்டை வெட்டிய விளிம்போடு இணைத்து வெல்டிங் செய்து, நடுவே உடைத்துப் பாருங்கள். முறிந்த முகத்தில் துளை இல்லையென்றால் அந்தக் கேஸையும், வேகத்தையும், டிரையர் நிலையையும் ஒரு நோட்டில் எழுதி மெஷின் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். அடுத்த ஷிஃப்டில் வருபவர் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.